நிதானமாய் ஒரு நெடும்பயணம்
தனியே கார் ஓட்டிச் செல்வோருக்கு முகாம் முறைத் திட்டம்

பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள், நீண்ட விடுப்பு எடுக்கும் வாய்ப்புக் கிட்டியவர்கள் ஆகியோர் உள்ளத்தில் ஓர் ஆசை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். யாருடைய நேரத்துக்கும் காத்திராமல், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய அளவு பார்த்து வரவேண்டும் என்பதே அந்த ஆசை. சாலைகள் மேம்பட்டுள்ளன, வழிகாட்டச் செல்பேசி இருக்கிறது, சிற்றூர்த் தேநீர்க் கடையிலும் யுபிஐ வழியே பணம் செலுத்த முடிகிறது. ஆயினும் பலர் தயங்குகின்றனர். தனியாகச் சென்றால் வழியில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்னும் கேள்வி அவர்களைத் தடுக்கிறது.

அந்தக் கேள்வி நியாயமானது. தனிப் பயணத்தில் ஓட்டுநரும் நாமே, வழிகாட்டியும் நாமே, பொருளாளரும் நாமே, காவலரும் நாமே. களைத்துப்போனால் சக்கரத்தை மாற்றிப் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே தனிப் பயணத்தின் திட்டம் குடும்பப் பயணத்தின் திட்டத்தைச் சுருக்கியதாக இருத்தல் போதாது. வேறு அடித்தளத்தின்மீது எழ வேண்டும். அந்த அடித்தளத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் முதன்முறையாகத் தனியே ஒரு நெடும்பயணம் மேற்கொண்டோம். ஒன்பது நாட்கள், எட்டு இரவுகள், எட்டு ஊர்கள். திட்டத்தைத் தாளில் எழுதிப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. நாள்தோறும் காலையில் பெட்டி கட்டினோம், மாலையில் பெட்டி அவிழ்த்தோம். நடுவே கண்டவை கோயில்களா விடுதி வாயில்களா என்று பிரித்தறிய இயலாத நிலை நான்காம் நாளே வந்துவிட்டது.

ஆறாம் நாள் மாலை, சித்திரதுர்கத்தைக் கடந்து ஹொசபேட்டையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். அன்றிரவுக்கான அறைக்குப் பணம் செலுத்தியிருந்தமையால், இருட்டிய பின்னும் நிறுத்த மனம் வரவில்லை. ஒரு கணம் கண் அயர்ந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் தார்ச்சாலையை விட்டிறங்கிச் சரளைக்கல்லில் உருண்ட ஓசையே நம்மை விழிக்க வைத்தது. அந்த இடத்தில் பாலமோ நின்றுகொண்டிருந்த லாரியோ இல்லாதது நம் நற்பேறு, திறமை அன்று. வண்டியை ஓரங்கட்டி, கை நடுக்கம் தணியும்வரை அமர்ந்திருந்தபோது ஒன்று தெளிவாயிற்று. நம்மை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது சாலை அன்று. இரவுக்கு ஓர் ஊர் என்று நாமே வகுத்த அட்டவணை.

முகாம் முறை என்பது யாது?

வழியெல்லாம் தங்கிச் செல்வதற்கு மாறாக, சில ஊர்களை மட்டும் முகாம்களாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு இரவுகள் தங்கி, அங்கிருந்து நாள்தோறும் காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவருவதே முகாம் முறை. பெட்டி அறையிலேயே இருக்கும். காரில் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் மட்டும் இருக்கும்.

இதன் பயனைக் கணக்கிட்டே காணலாம். விடுதி மாற்றும் நாளில் பெட்டி கட்டுதல், கணக்கு முடித்தல், புதிய ஊரில் விடுதியைத் தேடுதல், அறை ஆயத்தமாகும்வரை காத்திருத்தல் ஆகியவற்றில், ஓட்டும் நேரம் நீங்கலாகவே, மூன்று மணி நேரம் கழிகிறது. பதினான்கு இரவுகளில் பதினான்கு விடுதிகள் என்றால் நாற்பத்திரண்டு மணி நேரம். ஐந்து விடுதிகள் என்றால் பதினைந்து மணி நேரம். மிஞ்சும் இருபத்தேழு மணி நேரம் ஏறத்தாழ மூன்று பகற்பொழுதுகளுக்குச் சமம். பயணத்தை நீட்டாமலே மூன்று நாட்கள் கிடைக்கின்றன.

பணத்திலும் பயன் உண்டு. ஒரே விடுதியில் மூன்று இரவுக்கு மேல் தங்குவோருக்குக் கேட்டால் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சிறுநகரங்களில் பரவலாக உள்ளது. துணி துவைக்கக் கொடுத்து மறுநாள் பெற்றுக்கொள்ள முடிவதால் சுமையும் குறைகிறது.

எல்லாவற்றினும் பெரிய பயன், எந்த நாளையும் கைவிடும் உரிமை நமக்கு இருத்தல். காலையில் எழும்போது தலை வலித்தால், மழை பெய்தால், இரவு சரியாக உறங்காதிருந்தால், அன்று எங்கும் செல்ல வேண்டியதில்லை. அறை நம்முடையது; முன்பணம் இழக்கும் கவலை இல்லை. தனியே ஓட்டுபவருக்கு இவ்வுரிமையே முதற் பாதுகாப்பு.

முகாம் ஊரைத் தேர்ந்தெடுத்தல்

புகழ்பெற்ற ஊரெல்லாம் நல்ல முகாம் ஆகிவிடாது. நாம் பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, காண வேண்டிய இடங்கள் மூன்றேனும் 60 கி.மீ. சுற்றுக்குள் அமைந்திருத்தல். ஒரு நாளில் போகவர 120 கி.மீ.க்கு மேல் ஓட்ட நேர்ந்தால் அது உலா ஆகாது.

இரண்டாவது, மருத்துவமனை, வாகனப் பழுது நீக்கும் பட்டறை, பெட்ரோல் நிலையம், வங்கிக் கிளை, ஏடிஎம் ஆகியவை ஊருக்குள்ளேயே இருத்தல்.

மூன்றாவது, விடுதி வளாகத்துக்குள் காரை நிறுத்தும் இடம். முன்பதிவின்போது தொலைபேசியில் இதனைக் கேட்டு உறுதி செய்துகொள்ளல் நன்று.

நான்காவது, மாலையில் காரை எடுக்காமல் நடந்தே சென்று உணவருந்தவும் கடைத்தெருவைச் சுற்றிவரவும் ஏற்ற சூழல். தனியாகச் செல்வோருக்கு மாலைப் பொழுதுதான் நீளமானது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் சொகுசு விடுதியைக் காட்டிலும் ஊருக்குள் இருக்கும் எளிய விடுதியே அவர்களுக்குத் துணையாகும்.

ஐந்தாவது, ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேற்படாத ஓட்டம். படாது என்றால் நடுவே ஓரிடத்தில் நீண்ட இடைவேளை.

ஓர் எடுத்துக்காட்டு: கர்நாடகத்தில் பதினைந்து நாட்கள்

இம்முறைக்கு மிகப் பொருந்தும் நிலப்பகுதிகளுள் கர்நாடகம் ஒன்று. தெற்கிலிருந்து வடக்காக மைசூரு, ஹாசன், ஹொசபேட்டை, பாதாமி என்னும் நான்கு முகாம்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. எல்லாத் திசைகளிலிருந்தும் எளிதில் வந்தடையக்கூடிய பெங்களூரைத் தொடக்கமாகக் கொள்வோம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். தசரா நாட்களில் மைசூரில் அறை கிடைப்பது அரிது. கட்டணமும் உயரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மைசூரு, மூன்று இரவுகள். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 145 கி.மீ. 2023-இல் திறக்கப்பட்ட விரைவுச் சாலையில் காருக்கான உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ.; கண்காணிப்புக் கேமராக்கள் உள்ளன. முதல் நாள் என்பதால் இக்குறைந்த தொலைவே போதும். இரண்டாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் மேல்கோட்டையையும் காணலாம். இராமானுசர் பல ஆண்டுகள் தங்கியிருந்த தலம் என்று வைணவ மரபு போற்றும் ஊர் மேல்கோட்டை. மூன்றாம் நாள் சோமநாதபுரம். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயில் அங்கு உள்ளது. மைசூரு அரண்மனையின் விளக்கொளி ஞாயிறு மாலைகளில் காணக் கிடைப்பதால், தங்கும் மூன்று நாட்களுள் ஒன்று ஞாயிறாக அமையுமாறு புறப்பாட்டை வகுத்துக்கொள்ளலாம்.

ஹாசன், மூன்று இரவுகள். மைசூரிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. ஊர் தன்னளவில் பெரிதாகக் கவராது. ஆனால் முகாமுக்குரிய இலக்கணம் யாவும் பொருந்திய ஊர். வடமேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பேளூர், அங்கிருந்து 16 கி.மீ.யில் ஹளேபீடு, அங்கிருந்து 30 கி.மீ.யில் மீண்டும் ஹாசன். முக்கோணமான இவ்வழி ஒரு நாளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் அமைந்துள்ளது. தலைக்காட்டில் சோழரை வென்ற ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117-இல் பேளூர்க் கோயிலை எடுப்பித்தான். வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டபின் கடினமாகவும் ஆகும் மாக்கல்லால் ஆனமையாலேயே அங்கு நகைகளின் கண்ணிகளைக்கூடத் தனித்தனியே செதுக்க முடிந்தது. பேளூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்றையும் யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மற்றொரு நாள் சிரவணபெளகொளாவுக்கு உரியது. ஹாசனிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. இவ்வூரை மைசூரிலிருந்து ஹாசன் வரும் வழியிலேயே பார்த்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். முதற்பயணத்தில் நாம் அவ்வாறே செய்தோம். நண்பகலில் போய்ச் சேர்ந்து, சுடும் பாறைமீது வெறுங்காலுடன் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறினோம். கீழே நிறுத்திய காரில் இருந்த பெட்டிகளைப் பற்றிய கவலையும் உடன் ஏறியது. முகாம் முறையில் இத்துன்பம் இல்லை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், கல் குளிர்ந்திருக்கும்போதே ஏறலாம். 981-ஆம் ஆண்டளவில் கங்கரின் அமைச்சர் சாவுண்டராயர் எழுப்பிய 57 அடி உயரக் கோமடேசுவரர் ஒரே கல்லில் நிற்பதை ஆற அமர நின்று வணங்கலாம். பிற்பகல் ஹாசனில் ஓய்வு.

ஹொசபேட்டை, நான்கு இரவுகள். ஹாசனிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. இப்பயணத்தின் கடினமான நாள் இதுவே. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, சித்திரதுர்கத்தில் இரண்டு மணி நேரமேனும் தங்கி, உணவும் சிறு துயிலும் முடித்துப் புறப்பட்டால் மாலைக்குள் சேரலாம். களைப்பு மிகுந்தால் சித்திரதுர்கத்திலேயே அன்றிரவு தங்கிவிடலாம். ஹொசபேட்டையில் நான்கு இரவுகள் ஒதுக்கியிருப்பதன் காரணமும் இதுவே. ஒன்று குறைந்தாலும் திட்டம் குலையாது.

ஹொசபேட்டையிலிருந்து 13 கி.மீ.யில் ஹம்பி. 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழடைந்த விஜயநகரத் தலைநகரம் அது. 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. நம் சட்டைப்பையில் இருக்கும் புதிய 50 ரூபாய்த் தாளின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்குள்ள கல் தேர் தெரியும். அத்தேர் நிற்கும் விட்டலர் கோயிலுக்கு நம் காரில் நேரே செல்ல இயலாது. நிறுத்துமிடத்திலிருந்து மின்கல வண்டியிலோ நடந்தோ செல்ல வேண்டும். ஒரு நாள் விட்டலர் கோயிலும் அரச வளாகமும். மறுநாள் முழு ஓய்வும் மாலையில் துங்கபத்திரை அணையும். அதற்கு மறுநாள் ஆற்றின் அக்கரையில் உள்ள ஆனேகுந்தி என்று பிரித்துக்கொள்வது நன்று. ஹம்பியில் நிழல் குறைவு. ஆதலால் காலை பத்தரைக்குள் ஒரு பகுதி, மாலை நான்குக்குப் பின் ஒரு பகுதி, நடுப்பகலில் அறைக்குத் திரும்பி உறக்கம். முகாம் 13 கி.மீ.யில் இருப்பதால்தான் இது கைகூடுகிறது.

பாதாமி, மூன்று இரவுகள். ஹொசபேட்டையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தமிழர் நாவில் வாதாபி என்று வழங்கும் ஊர் இதுவே. ஆறாம் நூற்றாண்டுக் குடைவரைகள் செம்மணற்பாறையில் அமைந்துள்ளன. மூன்றாம் குடைவரையில் 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. இவற்றையும் அகத்தியர் ஏரிக்கரையையும் ஒரு நாள் முழுதும் நடந்தே காணலாம், கார் தேவையில்லை. மறுநாள் 22 கி.மீ.யில் பட்டதக்கல், அங்கிருந்து 14 கி.மீ.யில் ஐஹொளெ, அங்கிருந்து 35 கி.மீ.யில் மீண்டும் பாதாமி. மற்றுமொரு முக்கோணம்.

இங்கு வரும் தமிழருக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. 642-இல் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றினான். அவனது கல்வெட்டு அவ்வூர்ப் பாறையில் உள்ளது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். ஆனால் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை அவன் எடுத்துச் செல்லாது திருப்பி அளித்ததாக அக்கோயிலிலேயே கன்னடக் கல்வெட்டுக் கூறுகிறது. அவ்வெற்றியின் நினைவாக அரசி லோகமகாதேவி பட்டதக்கலில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயலைக் காணலாம். பகையாகத் தொடங்கியது கலையாக முடிந்திருக்கிறது. விரைந்து செல்வோர் கண்ணில் இது படுவதில்லை.

திரும்பும் வழி, ஓரிரவு. பாதாமியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 450 கி.மீ. இதனை ஒரே நாளில் கடக்கலாம் என்று சொல்லும் நண்பர்கள் இருப்பர். வேண்டாம். சித்திரதுர்கத்தில் இரவு தங்கினால் மறுநாளுக்கு எஞ்சுவது 200 கி.மீ. மட்டுமே. போகும்போது வெளியிலிருந்து மட்டும் பார்த்த ஏழு சுற்றுக் கோட்டையை மறுநாள் காலை உள்ளே சென்று காணலாம். பயணத்தின் இறுதி நாளில்தான் வீட்டு நினைவு காலை அழுத்தும், வேகமும் கூடும். ஆகவே இறுதி நாளைச் சிறிதாக வைத்தல் அறிவுடைமை.

ஓட்டுநரைக் காத்தல்

பயணத்தின் மிக விலையுயர்ந்த பொருள் கார் அன்று, அதை ஓட்டுபவர். அவரைக் காக்கும் நெறிகள் எளியவை. ஆனால் தனியாக இருக்கும்போது மீற எளியவையும் அவையே.

கதிரவன் மறைந்தபின் ஊருக்கு வெளியே ஓட்டுவதில்லை என்று உறுதி கொள்ளல் வேண்டும். வட கர்நாடகச் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கின்றிச் செல்வதுண்டு. சிற்றூர் வேகத்தடைகள் பலவற்றுக்கு அடையாளப் பூச்சும் இராது. அறுவடைக் காலத்தில் ஹாசன் பகுதியின் உட்சாலைகளில் கேழ்வரகையும் கொள்ளையும் சாலைமீதே பரப்பி, வாகனச் சக்கரங்களால் போரடிப்பர். பகலில் அது கண்ணுக்கு இனிய காட்சி. இரவில் வழுக்கும் பொறி. வைக்கோல் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டால் சூட்டில் தீப்பற்றவும் கூடும். அவ்வாறான இடத்தைக் கடந்ததும் நிறுத்திக் குனிந்து பார்த்தல் நலம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் நிறுத்த வேண்டும். பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை உடல் இயல்பாகவே துயிலை நாடும். அந்நேரத்தில் கொட்டாவி தொடர்ந்தாலும், கடந்து வந்த கடைசிச் சில கிலோமீட்டர்கள் நினைவில் இல்லை என்றாலும், அது எச்சரிக்கை. காப்பி சிறிது நேரமே தாங்கும். பாட்டும் குளிர்காற்றும் அதுவும் தாங்கா. ஆள் நடமாட்டம் உள்ள பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குவதே மருந்து.

பழுதோ விபத்தோ நேர்ந்தால் தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்னும் உதவி எண்ணையும், எங்கும் எல்லா அவசரத்துக்கும் 112 என்னும் எண்ணையும் அழைக்கலாம். நாள்தோறும் புறப்படும்போதும் திரும்பியதும் வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்பும் வழக்கத்தைக் கைவிடலாகாது. இரவு எட்டு மணிக்குள் செய்தி வராவிடில் யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடுதியின் பெயரும் எண்ணும் அவரிடம் இருத்தல் போதும்.

பணத் திட்டம்

மேற்கண்ட பயணத்தில் முகாம்களுக்கிடையே ஏறத்தாழ 1,165 கி.மீ.யும், பகல் உலாக்களில் ஏறத்தாழ 570 கி.மீ.யும் ஆக 1,735 கி.மீ. ஓட்ட நேரும். 1,750 என்று கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், லிட்டர் விலை 100 ரூபாய் எனில் எரிபொருளுக்கு ஏறத்தாழ 11,700 ரூபாய். அறைக்கு நாள் ஒன்றுக்கு 2,500 ரூபாய் வீதம் 14 இரவுகளுக்கு 35,000. உணவுக்கு நாள் ஒன்றுக்கு 1,000 வீதம் 15,000. சுங்கம், நுழைவுச் சீட்டு, வாகன நிறுத்தம், வழிகாட்டி ஆகியவற்றுக்கு 8,000. ஆக மொத்தம் 69,700 ரூபாய். எதிர்பாராச் செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 84,000. இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். தத்தம் பழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

84,000 என்பது பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் 7,000. ஓராண்டுத் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், புறப்படும் நாளில் தொகை வட்டியுடன் கையில் இருக்கும். கடன் அட்டையின் வட்டிச் சுமை பின்தொடராது. எதிர்பாராச் செலவுக்கான பங்கைத் தனிக் கணக்கில் வைத்தல் நலம். செலவாகாது திரும்பினால் அதுவே அடுத்த பயணத்தின் முதல் தவணை.

ஃபாஸ்டேக் இருப்பைப் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டும். செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாத வாகனத்துக்குச் சுங்கக் கட்டணம் கூடும். அடிக்கடி நெடுஞ்சாலையில் செல்வோர் 2025 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்த ஆண்டுச் சீட்டைக் கருதலாம். அறிமுகமானபோது அதன் கட்டணம் 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 சுங்கக் கடப்புகள், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். சொந்தப் பயன்பாட்டுக் கார், ஜீப், வேன் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. மாநில நெடுஞ்சாலைச் சுங்கங்களில் செல்லாது.

பணத்தை ஒரே வழியில் நம்பியிருத்தல் கூடாது. யுபிஐ இணைத்த கணக்கில் சில நாட்களின் செலவுக்குரிய தொகையை மட்டும் வைத்து, முதன்மைச் சேமிப்பை வேறு கணக்கில் வைக்கலாம். இரண்டு அட்டைகளை எடுத்துச் சென்றால் ஒன்று பணப்பையிலும் மற்றொன்று அறையில் பெட்டியிலும் இருக்கட்டும். இணையம் கிட்டாத இடத்தில் *99# என்னும் எண் வழியே யுபிஐ இயங்கும். வீட்டிலிருக்கும்போதே ஒருமுறை பழகிக்கொள்ளல் நன்று. ஆயினும் 3,000 ரூபாயேனும் சில்லறைத் தாள்களாக இருத்தல் வேண்டும். கோயில் வாயிலில் காலணி காப்பவரிடம் 500 ரூபாய்க்குச் சில்லறை இராது.

அட்டை தொலைந்தால் வங்கியின் செயலியில் உடனே அதனை நிறுத்திவிட்டு, பிறகு தேடலாம். விடுதி முன்பதிவு என்ற பெயரில் வரும் இணைப்புகளிலும், பணம் பெறுவதற்காக யுபிஐ எண்ணை அழுத்தச் சொல்லும் அழைப்புகளிலும் விழிப்புத் தேவை. பணம் பெற ஒருபோதும் இரகசிய எண் வேண்டியதில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் காலந்தாழ்த்தாது தெரிவிக்க வேண்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படிப்பது தனிப் பயணியின் கடமை. உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கு 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம். அது நடப்பில் உள்ளதா, வாரிசு நியமனம் சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். சாலையோர உதவிக்கான கூடுதல் காப்பு சிறு தொகையில் கிடைப்பது; தனியே செல்வோருக்குப் பெரிதும் உதவும். ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக்கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கர் செயலியில் வைத்திருந்தால் சோதனையில் காட்டலாம். வாடகைக் கார் எனில், தானே ஓட்டிச் செல்வதற்கென உரிமம் பெற்ற வண்டியின் எண்பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்துடன் இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து நேர்ந்தால் காப்பீடும் மறுக்கப்படலாம்.

தனிமை துணையாகும் நாள்

தனிப் பயணத்தின் முதல் இரண்டு மாலைகள் சற்றுக் கடினமானவை என்பதை மறைப்பதற்கில்லை. உணவகத்தில் எதிர் நாற்காலி வெறுமையாக இருக்கும். கண்டு வியந்ததைச் சொல்ல ஆள் இராது. நாள்தோறும் ஊர் மாற்றுவோருக்கு ஒவ்வொரு மாலையும் முதல் மாலையாகவே இருந்துவிடுகிறது. முகாமில் தங்குவோருக்கு அவ்வாறில்லை.

இரண்டாம் முறை பாதாமிக்கு நாம் இம்முறையில் சென்றிருந்தோம். முதல் நாள் மாலை ஒரு சிறு உணவகத்தில் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் உண்டோம். இரண்டாம் நாளும் அங்கேயே சென்றோம். மூன்றாம் நாள் மாலை உள்ளே நுழைந்ததும், கடைக்காரர் நாம் கேளாமலே அதே மூலை மேசையைத் துடைத்துவிட்டு, "இன்று ஐஹொளெ போனீர்களா?" என்று கன்னடத்தில் வினவினார். தெரிந்த சில சொற்களைக் கோத்து விடை சொன்னோம். மறுநாள் புறப்படுகிறோம் என்றதும், வழிக்கு இரண்டு ரொட்டிகளைத் தாளில் மடித்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரே ஊரில் மூன்று மாலைகள் தங்கியதற்குக் கிடைத்த வட்டி அது. ஆசை இருந்தும் தயங்கி நிற்கும் வாசகர்கள் ஒரே ஒரு முகாமுடன், மூன்று இரவுகளுடன் தொடங்கலாம். ஹாசனோ மைசூரோ போதும். சேமிப்பைப் போலவே பயணமும் சிறிதாகத் தொடங்கி நிதானமாக வளர்வதே நிலைக்கும்.